காற்று மிதிக்கும் கால்

அத்தியாயம் 9

முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசித்து முடித்தால் ஞானபாக்கியத்துக்குக் கல்யாணம்.

கல்யாண அறிவிப்பான அந்த ஓலையை வாசிக்கும்போது, "இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா?" என்று போதகர் சபையைப் பார்த்துக் கேட்பார். ஒரு குழந்தை அழும், பின்பெஞ்சில் யாராவது இருமுவார்கள், அதோடு சரி. போன ஞாயிறு அப்படிக் கேட்டபோது ராஜபாளையம் ஆலயத்தில் ஒருத்தி மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் வேறு யாருமில்லை, பெண்ணைப் பெற்ற பரிபூரணம்தான்.

மாப்பிள்ளை ஆசீரிடம் குறை கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட், அதிர்ந்து பேசாத பையன். சம்பந்தி வீட்டிலும் ஒரு குறை சொல்ல முடியாது. குறை முழுவதையும் பரிபூரணம் தன் மடியிலேயே கட்டி வைத்திருந்தாள். விடாமல் படித்து வருகிறவர்களுக்கு அது தெரியும். புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தால் மட்டும் மறைந்துவிடவா போகிறது?

பரிபூரணத்தின் கணவர் ராஜரத்தினம் நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். அது வயிற்றுப்பாட்டுக்கு. மரியாதைக்கு அவர் ஆலயத்தில் வாத்தியம் வாசிப்பவர். கல்யாணமாவதற்கு முன்பிருந்தே அந்த இருக்கையில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. உட்காரவும் அவர் விட்டதில்லை.

முதலில் அங்கே இருந்தது கால் ஆர்மோனியம். காலால் மிதித்தால் துருத்தி காற்று வாங்கும். கட்டையை அமுக்கினால் பாடும். அந்தத் துருத்தியில் ஓட்டை. ரெக்சினை வெட்டி ஒட்டி வைத்திருந்தார்கள். பாட்டின் முதல் இரண்டு அடிகளுக்குக் காற்று தாக்குப்பிடிக்கும். மூன்றாம் அடியில், ராகம் மேலே ஏறுகிற இடத்தில், காற்று தீர்ந்துபோய்ப் பெட்டி முனகும். ராஜரத்தினம் கையை எடுத்துவிட்டு, டப் டப்பென்று இரண்டு மிதி மிதித்துக் காற்றை நிரப்பிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

புதுப்பெண்ணாக வந்து பாடகர் குழுவில் நின்ற பரிபூரணத்துக்கு இது பொறுக்கவில்லை. புருஷன் நாலு பேர் முன்னால் திணறுகிறாரே என்று, அந்த இடத்தில் குரலை இழுத்துப் பிடித்து ஓட்டையை மூடினாள். பக்கத்தில் நின்றவர்களும் இழுத்தார்கள். கொஞ்ச காலத்தில் சபை முழுவதும் இழுத்தது. அந்த ஆலயத்தில் வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டால் பாட்டே அப்படித்தான் என்று சத்தியம் செய்யும்.

பிறகு அபுதாபியில் வேலை பார்க்கும் ஒரு சபையார் கீபோர்டு வாங்கிக் கொடுத்தார். கரண்டில் ஓடுவதற்குத் துருத்தி எதற்கு, மிதி எதற்கு? ஆனால் ராஜரத்தினத்தின் கை மூன்றாம் அடி வந்ததும் நின்றது. கால் வெறுந்தரையை டப் டப்பென்று மிதித்தது. சபையும் வழக்கம்போல் இழுத்துக்கொண்டு காத்திருந்தது. 'சார் காத்து வாங்குற இடம்' என்று அதற்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள். தெரியாதவர் ஒரே ஒருவர். அவர்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

இதுவரைக்கும் பரிபூரணத்தின் மேல் ஒரு பழியும் இல்லை. பழி சேர்ந்த இடம் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு.

பொங்கல் லீவில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இரண்டு ஊர்ப் பெண்கள் சங்கமும் சேர்ந்து அங்கே போயிருந்தார்கள். புளிசாதம் தின்று முடித்து, ஓடையில் கை கழுவி, ஆளுக்கு ஒன்று நடித்துக் காட்ட வேண்டும் என்று விளையாட்டு. பரிபூரணம் கூட்டத்தில் வாய் திறக்காதவள். "சார் வாசிக்கிற மாதிரி செஞ்சு காட்டுங்கக்கா" என்று யாரோ தூண்டிவிட்டார்கள். என்ன பேய் பிடித்ததோ, ஒரு பாறையில் உட்கார்ந்து, தூக்குவாளியைக் கவிழ்த்து மடியில் வைத்து, மோவாயைத் தூக்கி, புருவத்தை ஏற்றி, ராஜரத்தினமாகவே ஆகிவிட்டாள். மூன்றாம் அடியில் கையை எடுத்து, உதட்டைக் குவித்து, டப் டப். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுபடி, மறுபடி என்று கேட்டார்கள். அவளும் மறுபடி செய்தாள்.

அன்றைக்கு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லக்கனி, ஆசீரின் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்கள மாதிரி ஒரு ஆள் வீட்டுலதான் சம்பந்தம் பண்ணணும். ஒங்களுக்குப் பொண்ணு இருக்கா?" என்று கேட்டவளும் அவள்தான். அப்படி வந்த சம்பந்தம் இது.

வீட்டுக்கு வந்த பரிபூரணம், மதுரையில் நடந்த ஜெபக் கூட்டத்தில் செல்லக்கனியைப் பார்த்ததாகக் கணவரிடம் சொல்லிவிட்டாள். அன்று தொடங்கியது அவள் பயம்.

*

சனிக்கிழமை காலையில் ராஜரத்தினம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கீபோர்டின் முன் உட்கார்ந்தார். கமிட்டியிடம் கேட்டு அதை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார்.

அவருடைய சிக்கல் இதுதான். கல்யாணம் மாப்பிள்ளையின் ஆலயத்தில். பெண்ணை வாசலிலிருந்து கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவர் தகப்பனார். அந்த நேரத்தில் கல்யாணக் கீர்த்தனையை வாசிக்க வேண்டியவரும் தகப்பனார்தான். தன் மகள் கல்யாணத்துக்கு அடுத்தவன் வாசிப்பதா? ஒரு மனிதனுக்கு இரண்டு உடம்பு கிடையாது. ஆனால் கீபோர்டுக்கு ஞாபகசக்தி உண்டு என்று அவர் கண்டுபிடித்திருந்தார். சிவப்பு விளக்கு எரிய வாசித்தால் உள்ளே பதிந்துகொள்ளும். பொத்தானை அமுக்கினால் அவர் வாசித்ததை அப்படியே அது வாசிக்கும்.

"ஏட்டி, அந்த ஃபேன நிறுத்து. சத்தம் உள்ள போயிரும்" என்றார்.

"அதுல மைக் கெடையாதுப்பா. நீங்க அமுக்குற கட்டை மட்டுந்தான் பதியும்" என்றாள் ஞானபாக்கியம்.

"இருக்கட்டும். நிறுத்து. பூரணம், குக்கர எறக்கு. விசில் கேக்கப்படாது."

ஃபேன் நின்றது. குக்கர் இறங்கியது. பக்கத்து வீட்டுச் சேவல் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. ராஜரத்தினம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கி, கீர்த்தனையை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். மூன்றாம் அடி வரும்போதெல்லாம் அடுப்படியில் நின்ற இருவர் காதிலும் டப் டப் விழுந்தது.

பிறகு பதிந்ததைப் போட்டுக் கேட்டார். சும்மா கேட்டிருந்தால் அப்போதே விஷயம் வெளிச்சமாகியிருக்கும். அவர் சும்மா கேட்கவில்லை. மகள் கல்யாணப் பாட்டு ஆயிற்றே, மனசு நிறைந்து கூடவே பாடினார். மூன்றாம் அடியில் வாத்தியம் நின்றபோது அவர் தொண்டை இழுத்துக்கொண்டே போய் அந்தப் பள்ளத்தை நிரப்பியது. அவர் காதுக்கு ஒரு பழுதும் எட்டவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் முகமெல்லாம் மலர.

"நல்லா இருக்குங்க" என்றாள் பரிபூரணம். சொல்லும்போதே நாக்கு கூசியது.

அவர் குளிக்கப் போனதும் ஞானபாக்கியம் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அங்க உள்ளவிங்களுக்கு நிக்கத் தெரியாதே. மூணாவது அடியில அவுங்க பாட்டுக்குப் போயிருவாங்க. அப்பா பாட்டு தனியா நிக்கும்."

"தெரியுதுட்டீ."

"இப்பவே சொல்லிருவோமா?"

"என்னன்னு சொல்ல? இம்புட்டு வருசமா தப்பா வாசிச்சீங்க, ஊரே ஒங்கள ஏமாத்திட்டு இருந்துச்சுன்னா? ஏன் சொல்லலன்னு கேட்டா என்ன பதிலு இருக்கு எங்கிட்ட?"

"செல்லக்கனி அத்தை வேற அங்க இருப்பாங்க" என்றாள் ஞானபாக்கியம். செண்பகத்தோப்புக்கு அவளும் போயிருந்தாள். அவளும் சிரித்தவள்தான்.

பரிபூரணம் குக்கரை மறுபடி அடுப்பில் வைத்தாள்.

*

சாப்பிட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும் மதுரை பஸ்ஸில் ஏறினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆலயத்தில் பாடகர் குழுவோடு ஒத்திகை. அங்கேயும் ஒரு கீபோர்டு உண்டு. ஆனால் இதன் வயிற்றில் பதிந்ததை அதன் வயிற்றுக்கு மாற்ற வழியில்லை. அதனால் கீபோர்டும் கூட வந்தது. உள்ளே பேட்டரி இருக்கும் வரைதான் பதிவு இருக்கும், கழற்றினால் எல்லாம் போய்விடும் என்று ராஜரத்தினம் பத்துத் தடவை சொல்லி, பச்சைக் குழந்தையைக் கொடுப்பதுபோல் மனைவியின் மடியில் கொடுத்துவிட்டு, முன்னால் ஆண்கள் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மில் சுவர்கள் பின்னால் போயின. பரிபூரணத்தின் விரல் கீபோர்டுக்கு அடியில் ஊர்ந்தது. பேட்டரி மூடி விரலுக்குத் தட்டுப்பட்டது. நகத்தால் நெம்பினாள். கொஞ்சம் விலகியது.

ஒன்றே ஒன்றை எடுத்துவிட்டால் போதும். அங்கே போய்ப் பொத்தானை அமுக்கினால் சத்தம் வராது. மிஷின் கோளாறு என்று ஆகிவிடும். அவர் பேரும் பிழைக்கும், அவள் பேரும் பிழைக்கும்.

"அம்மா" என்றாள் ஞானபாக்கியம், ஜன்னலைப் பார்த்தபடியே. "வேண்டாம்."

"அப்பாவுக்காகத்தாம்ட்டீ."

"அப்பாவுக்காகன்னு சொல்லித்தான இம்புட்டு தூரம் வந்திருக்கு. சட்டைய மாத்திக்கிட்டு உக்காந்து வாசிச்சாரும்மா. அழிச்சிராதீங்க."

பரிபூரணம் மூடியை அழுத்தி மூடினாள். மகள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாளே என்று முகம் எரிந்தது. கோபுரம் தெரிந்து, பஸ் ஸ்டாண்டு வந்து, இறங்குகிற வரை மகளின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

*

செல்லக்கனி ஆலயத்து வாசலிலேயே நின்றிருந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய மனசு. அவள் கையில் பால்கோவாப் பொட்டலம்.

"வாங்கண்ணே, வாங்க மதினி. எம்மா பாக்கியம், என்ன இம்புட்டு வாடியிருக்க?"

அவள் கணவர் ஐயாதுரை ஓய்வு பெற்ற வாத்தியார். பாடகர் குழுவை நடத்துகிறவர். நாலு பையன்களும் ஆறேழு பெண்பிள்ளைகளும் பாட்டுப் புத்தகத்தோடு வரிசையில் நின்றார்கள். ராஜரத்தினம் கீபோர்டை மேஜையில் வைத்து, மெனக்கெட்டு எல்லாருக்கும் விளக்கினார்.

"வாசிக்கிறது நாந்தான். ஆனா நான் இங்க இருக்க மாட்டேன். பாக்கியத்தக் கூட்டிட்டு வாசல்லருந்து வந்துட்டிருப்பேன். புரியுதா?"

பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருந்தது. ஐயாதுரை, "பலே மச்சான்" என்றார். மெய்யாகவே சொன்னார்.

"நடந்தும் பாத்துருவோம்" என்றார் ராஜரத்தினம். வாசலுக்குப் போய் மகளின் கையைத் தன் கையில் கோத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அங்கிருந்து கையை ஆட்டினார். ஐயாதுரை பொத்தானை அமுக்கினார்.

கீர்த்தனை எழுந்தது. அப்பாவும் மகளும் நடந்து வந்தார்கள். முதல் அடி, இரண்டாம் அடி, எல்லாம் அழகு. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பரிபூரணம் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் அடி. குழு பாடிக்கொண்டே போனது. கீபோர்டு நின்றுவிட்டது. நடுவழியில் ராஜரத்தினமும் நின்றார். அவர் கை மகளின் கையை விட்டது. வலது கால் எழுந்து தரையை இரண்டு தடவை மிதித்தது. பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வாத்தியம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கமாகக் குழம்பிப் போய் எல்லாரும் நிறுத்தினார்கள். வரிசையில் ஒரு பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பிள்ளைங்க முந்துதாங்க" என்றார் ராஜரத்தினம் கண்டிப்பாக. "மூணாவது அடியில அவசரம். எங்க சபையில இப்படிப் பாட மாட்டாங்க."

"ஆமா மச்சான், கொஞ்சம் முந்திட்டாங்க" என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினார் ஐயாதுரை. "ஒண்ணு செய்வோம். ஏலே, நீங்க யாரும் பாட வேண்டாம். வாத்தியத்த மட்டும் கேளுங்க. மச்சான் வாசிப்பு எப்படிப் போகுதுன்னு காதுல வாங்கிக்கோங்க. நீங்க நடங்க மச்சான்."

"வேண்டாம்ணே, நேரமாகுது" என்று பரிபூரணம் எழுந்தாள்.

"செத்த நேரந்தான் தங்கச்சி."

மறுபடி கீர்த்தனை எழுந்தது. இந்தத் தடவை ஒரு குரலும் இல்லை. உயரமான கூரைக்குக் கீழே வாத்தியம் மட்டும் தனியாகப் போனது. அப்பாவும் மகளும் நடந்தார்கள். ஞானபாக்கியம் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பரிபூரணம் பார்த்தாள். நிற்காதீங்கப்பா என்று அந்தக் கை கெஞ்சியது.

மூன்றாம் அடியில் வாத்தியம் ஓய்ந்தது. ஆலயம் நிசப்தமானது. அந்த நிசப்தத்தில், ராஜரத்தினம் மகளின் கையை உதறிக்கொண்டு நின்றார். டப். டப். செருப்பில்லாத கால் சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம் கூரை வரை போய் வந்தது. கீபோர்டு மறுபடி வாசிக்கத் தொடங்கியது. அவரும் நடக்கத் தொடங்கினார்.

பெண்பிள்ளைகளால் தாங்க முடியவில்லை. ஒருத்தி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி குனிந்தே விட்டாள்.

அப்போது செல்லக்கனி கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். துளி விஷம் இல்லாத சிரிப்பு.

"ஏ மதினி! செண்பகத்தோப்புல நீங்க தூக்குவாளிய வச்சு செஞ்சு காட்டினீங்களே, அப்படியே இருக்கே! நான் நீங்க கூட்டிச் செஞ்சீங்கன்னுல்ல நெனச்சேன்!"

பரிபூரணத்தின் முகத்தில் ஈயாடவில்லை. செல்லக்கனியின் சிரிப்பும் பாதியில் நின்றுபோனது. ஏதோ ஆகாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது; எதைச் சொன்னோம் என்றுதான் புரியவில்லை.

ராஜரத்தினம் முதலில் மனைவியைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார்.

யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நேராகக் கீபோர்டிடம் போனார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொத்தானை அமுக்கிவிட்டு, இரண்டு கைகளாலும் தன் வலது முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாடவில்லை. கண்ணை மூடிக் கேட்டார்.

மூன்றாம் அடியில் வாத்தியம் ஓய்ந்தது. அவர் கைகளுக்குக் கீழே முழங்கால் துள்ளியது. அவர் இன்னும் பலமாக அழுத்தினார். அது மறுபடி துள்ளியது.

பரிபூரணத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. பெற்ற மகள் பார்க்க, மருமகன் வீட்டார் பார்க்க, சின்னப் பிள்ளைகள் பார்க்க, அவர் தன் காலையே பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த நிலையில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தது அவள்தான். கல்யாணமான புதிதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கோபித்திருப்பார், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார், பிறகு பழகித் திருத்திக்கொண்டிருப்பார்.

கடைசி அடி வரை கேட்டுவிட்டு அவர் நிறுத்தினார்.

"பிள்ளைங்க முந்தல" என்றார் ஐயாதுரையிடம். "நாந்தான் நிக்கேன்."

"அதனால என்ன மச்சான். அதுவும் ஒரு அழகாத்தான் இருக்கு. நாங்க அந்த எடத்துல இழுத்துப் பாடிருதோம். ஏலே, என்னடா?"

"வேண்டாம்" என்றார் ராஜரத்தினம். "எங்க ஊருல இழுத்தது போதும்."

செல்லக்கனி பால்கோவாவை இலையில் வைத்துக் கொடுத்தாள். அவர் மரியாதையாக வாங்கி முழுவதையும் சாப்பிட்டார். "நல்லாருக்கும்மா" என்றார். அந்த மரியாதைக்குப் பதில் அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பரிபூரணம் பிழைத்திருப்பாள்.

*

திரும்பும் பஸ்ஸில் கீபோர்டை அவரே மடியில் வைத்துக்கொண்டார். கூட்டமில்லை. பரிபூரணத்துக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் முன் ஸீட்டில் உட்கார்ந்தார். பாதி வழியில், தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"சம்பந்தியம்மாவ மொதமொதல்ல எங்க பாத்த?"

மதுரை என்று சொல்ல வாய் வந்தது. மென்று விழுங்கினாள்.

"செண்பகத்தோப்புல."

"அன்னைக்கேவா பொண்ணு கேட்டாங்க?"

"ஆமாங்க."

"செஞ்சு காட்டுனதுக்குப் பொறவா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெளியே ஓடுகிற வேப்பமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பிடரியையே பார்த்தபடி அவள் ராஜபாளையம் வந்து சேர்ந்தாள்.

*

வீட்டில் வெயில் இன்னும் முற்றத்தை விட்டுப் போகவில்லை. ராஜரத்தினம் கீபோர்டை மேஜையில் குப்புறப் போட்டு, பேட்டரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்தார். அவர் காலையில் வாசித்தது அத்தோடு போயிற்று. ஞானபாக்கியம், "அப்பா" என்று ஓடிவந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"பாக்கியம், ஒங்க அம்மா தம்பி காமராஜ் மாமாவுக்குச் சொல்லிவிடு. கல்யாணத்தன்னைக்கு ஒன்னக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போக அவன வரச் சொல்லு."

"அப்பா! நீங்க இருக்கையில மாமா எதுக்குப்பா?"

"நான் நடந்தா எல்லாரும் என் காலத்தான பாப்பாங்க? ஒன்ன யாரு பாப்பாங்க?" அவர் குரல் உயரவில்லை. "ஒன் கல்யாணத்துல ஒன்னத்தான் பாக்கணும்."

ஞானபாக்கியம் விம்மி அழுதாள். அவர் அவள் தலையைத் தொட்டார், அவ்வளவுதான். மாற்றிச் சொல்லவில்லை.

"நாளைக்கு ரெண்டாம் ஓலைங்க" என்றாள் பரிபூரணம் மெல்ல. "ஆலயத்துல நீங்க கீபோர்டு வாசிக்கணுமே."

"ம்" என்றார். வாசிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கீபோர்டை நிமிர்த்தி வைத்தார். ஸ்டூலை இழுத்து அதன் முன் போட்டார். பிறகு சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

"உக்காரு."

"என்னங்க?"

"உக்காரு பூரணம். செண்பகத்தோப்புல செஞ்சியே, அத செஞ்சு காட்டு."

"ஏங்க, வேண்டாங்க. புத்தி கெட்டுப் போயி செஞ்சுட்டேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஒன்னைய ஏசல. ரெண்டு ஊருப் பொம்பளைங்களும் பாத்திருக்காங்க. எம்புள்ள பாத்திருக்கா. நான் ஒருத்தந்தான் என்னையப் பாக்கல. செஞ்சு காட்டு."

தப்பிக்க வழியில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். உயிரில்லாத கட்டைகள் மேல் கையை வைத்தாள். கண்ணீர் முட்டியதில் கட்டைகள் கலங்கித் தெரிந்தன. ஏனோதானோ என்று செய்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கை வைத்ததும் மோவாய் தானாக நிமிர்ந்தது, புருவம் தானாக ஏறியது. இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து உடம்பில் ஊறியது. வெட்கக்கேடு என்னவென்றால், இப்போதும் அது அச்சு அசலாக வந்தது.

முதல் அடி. இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் கை எழுந்தது, உதடு குவிந்தது. டப். டப்.

அதற்கு மேல் முடியாமல் நிறுத்தினாள். சுவரோரம் நின்றவர் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. தெரியாத ஊரில் வழி விசாரிக்கிறவர்போல ஒரு முகம்.

"இப்படியா வாசிச்சேன்?"

"ஆமாங்க."

"இம்புட்டு நாளும்?"

"ஆமாங்க."

அவர் சுவரை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"நல்லாத்தான் செய்யுத. ஆனா சிரிப்பு வரலியே பூரணம்" என்றார். "அன்னைக்கு மட்டும் ஒங்களுக்கெல்லாம் எப்படி வந்துச்சு?"

பரிபூரணம் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.